வாட்ச்மேன் ரூமில் வைத்த பறை

உலக நாட்டுப்புற இசை விழா நடத்திய மியூசிக் டீச்சரே, ஒரு பிள்ளையைத் தன் அப்பாவை நினைத்தே கூசவைத்தது நீங்கள்தான். நேற்று விவேக் நகர் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எம்பொண்ணு ஆசையா அவங்கப்பாவோட பறையை ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போனாக்கா. மிஸ்ஸு அதை வாங்கி வாட்ச்மேன் ரூம்ல வச்சுட்டாங்க. சாவு மேளமாம், பசங்க பயந்துடுவாங்களாம்.”

“அப்போ மேடையில என்னத்த அடிச்சாங்க?”

“ஆப்பிரிக்கா மேளம். ஆன்லைன்ல வாங்கினாங்களாம்.”

“ஏம்மா, ஆப்பிரிக்காவுல யாரும் சாகறதே இல்லையா?”

பக்கத்தில் நின்ற கண்டக்டரே சிரித்துவிட்டார். அந்தப் பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“சாயங்காலம் இவர் வாசிக்க உக்காந்தாரு. ‘ஜன்னலைச் சாத்துப்பா, என் ஃப்ரெண்ட்ஸுக்குக் கேட்டுடும்’னு சொல்றா. மனுசன் அப்படியே கீழ வச்சுட்டாருக்கா.”

டீச்சரே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, அந்தப் பிள்ளையும் அவள் அப்பாவும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். உங்கள் உலகத்தில் அவர் பறை சேர்த்தியா, இல்லையா?