சந்தனம் பட்ட கட்டைகள்

மஹதி: ...மீட்டர்ல நம்பர் ரொம்ப நன்னா வந்தது. அதுதான் எனக்குச் சந்தேகம்.

பரத்வாஜ்: நன்னா வந்தாச் சந்தேகப்படற ஆள் இந்த மந்தைவெளியிலேயே நீ ஒருத்திதான் அக்கா.

மஹதி: கிண்டல் பண்ணாமக் கேளு. நம்ம ஷெட்ல டெஸ்ட் பண்றவ நான். ஒரு கப்ளிங் கொஞ்சம் ஏத்தமாக் காட்டும், ஒண்ணு இறக்கமாக் காட்டும். ஆயுத பூஜைக்கு அப்புறம் எல்லாம் ஒரே மாதிரி. கூடப் பிறந்ததுகள் கூட அப்படி இருக்காது, நம்மளையே பாரேன்.

பரத்வாஜ்: மெஷினுக்குப் பொட்டு வெச்ச பலன்.

மஹதி: அந்தப் பொட்டுதான்டா வினையே. மீட்டர் பக்கத்துல, கரண்டை விடாத ரெண்டு நைலான் கட்டை இருக்குமே... ரெண்டு பைப்பையும் கப்ளிங்ல மாட்டி, கட்டை மேல படுக்க வெச்சுத்தானே கரண்ட் போறதான்னு பார்ப்போம்...

பரத்வாஜ்: எனக்கேவா? நான்தான் ஓனர்.

மஹதி: ஓனர் கடைசியா எப்போ அந்த மேஜைகிட்ட வந்தார்?

பரத்வாஜ்: ...சரி, மேலே சொல்லு.

மஹதி: பூஜையன்னிக்கு அந்தக் கட்டைக்கும் சந்தனம், குங்குமம் வெச்சா. மறுநாள் ஒரே பிசுபிசுப்பு. அலம்பிக் காயப் போடுங்கோன்னு லேத் ஓட்டற வெள்ளைச்சாமிகிட்ட சொன்னேன். அது காயற வரைக்கும் வேலை நிக்கக் கூடாதேன்னு, அதே அளவுல ரெண்டு அலுமினியக் கட்டை வெட்டி வெச்சுட்டார். நேத்திக்குத்தான் என் கண்ணுல பட்டது. கேட்டா, 'பளபளன்னு நல்லாத்தானே இருக்குது மேடம்'ங்கறார்.

பரத்வாஜ்: மேஜையோ இரும்பு...

மஹதி: ஆமா. கரண்ட் இந்தக் கட்டை வழியா இறங்கி, மேஜையில நடந்து, அந்தக் கட்டையில ஏறிப் போயிடுத்து. நடுவுல கப்ளிங்குக்குப் பதிலா ஒரு முறுக்கை வெச்சிருந்தாலும் பாஸ்தான்.

பரத்வாஜ்: அனுப்பினது போக மிஞ்சின கப்ளிங்கை எடுத்துப் பார்த்தியா?

மஹதி: நைலான் மேல வெச்சுப் பார்த்தேன். பாதிக்கு மேல செத்துக் கிடக்கு. கரண்டைக் கடத்தற கிளிப் உட்கார்ற இடத்தையும் சேர்த்துக் கோட்டிங்காரா பூசியிருக்கா. அது கரண்டை விடாது. நாமளும் பாஸ் போட்டுப் பெங்களூர் விமானக் கம்பெனிக்கு அனுப்பிட்டோம்.

பரத்வாஜ்: நம்ம முதல் ஆர்டர்...

மஹதி: ம்.

பரத்வாஜ்: முதல் சரக்கே தப்புன்னு சொன்னா ரெண்டாவது ஆர்டர் ஏது? ஷெட்டைப் பூட்டிட்டுப் பழைய கம்பெனி வாசல்ல போய் நிக்க வேண்டியதுதான். நான் மட்டுமா, ஷெட்ல இருக்கற அத்தனை பேரும்.

மஹதி: தெரியும்டா. ராத்திரி தூங்கலை.

பரத்வாஜ்: அவாளும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணாமலா மாட்டப் போறா?

மஹதி: பண்ணலாம். நம்ம முத்திரையைப் பார்த்துட்டு, நம்பி அப்படியேவும் மாட்டலாம். நீதானே டிசைன் பண்ணினே, சொல்லு... அது வழியாக் கரண்ட் எதுக்குப் போகணும்?

பரத்வாஜ்: எனக்கே பரீட்சையா?

மஹதி: சொல்லேன்.

பரத்வாஜ்: விமானம் பறக்கறச்சே இறக்கை வளையும். உள்ளே எரிபொருள் பைப்பை விறைப்பா இணைச்சாக் கிழிஞ்சுடும். அதனால வளைஞ்சு குடுக்கற இணைப்பு, உள்ளே ரப்பர் வளையம். ரப்பர் எண்ணெயையும் விடாது, கரண்டையும் விடாது.

மஹதி: அப்புறம்?

பரத்வாஜ்: எண்ணெய் உரசிண்டு ஓடறச்சே பைப்ல கரண்ட் சேரும். மேலே மின்னலும் உண்டு. அது அடுத்த பைப்புக்குக் கப்ளிங் வழியா நடந்து போகணும். வழி இல்லேன்னா... தாண்டிக் குதிக்கும்.

மஹதி: குதிச்சா?

பரத்வாஜ்: பொறி. போறுமா?

மஹதி: நம்ம மொட்டை மாடிக்கு மேலதானே தினம் விமானம் இறங்கறது. நேத்திலேருந்து சத்தம் கேட்டா நிமிர்ந்து பார்க்கவே பயமா இருக்கு. அதுல நம்ம சரக்கு இல்லேன்னு தெரியும். இருந்தாலும்...

பரத்வாஜ்: இப்போ என்ன பண்ணணுங்கறே?

மஹதி: ஒண்ணைக்கூட மாட்டாதீங்கோ, எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்கோன்னு பெங்களூருக்கு எழுதணும். நீ சொல்லு. எழுதட்டுமா?

பரத்வாஜ்: இரு, யோசிக்க விடு... இல்லேக்கா. எழுதாதே.

மஹதி: இவ்வளவும் உன் வாயாலேயே சொல்லிட்டு...

பரத்வாஜ்: சொன்னேன். இருந்தாலும் வேண்டாம்.

மஹதி: ...காலம்பறவே எழுதிட்டேன்டா. உன்னைக் கேட்டா இதைத்தான் சொல்லுவியோன்னு பயந்துண்டு, கேக்காம எழுதிட்டேன். கோச்சுக்கறதுன்னா கோச்சுக்கோ.

பரத்வாஜ்: தெரியும். மத்தியானமே அங்கேருந்து ஃபோன் வந்துடுத்து. இன்னும் எதையும் மாட்டலையாம், மொத்தத்தையும் திருப்பி அனுப்பறாளாம். மேற்கொண்டு ஆர்டர் உண்டான்னு கேக்க எனக்கு வாய் வரலை. கிண்டி ஷெட்லேருந்து வீட்டுக்கு வர வழி பூரா உன் மேல கோபம்... என்னை ஒரு வார்த்தை கேக்கலையே, கேட்டிருந்தா நானே எழுதுன்னு சொல்லியிருப்பேனேன்னு. அதான் ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்து உன்னைக் கேக்க வெச்சேன். கேட்டே, வேண்டாம்னுதான் வாயில வந்தது... நல்ல வேளை, காலம்பற நீ என்னைக் கேக்கலை.