கே-3, கே-3 பிளஸ்: ஓர் ஒப்பீடு

சாயா நன்றாக இருந்தது, சார். எங்கள் ஜங்ஷனில் மேற்குப் பக்கத்துக் கடையில் கடுப்பம், அதாவது ஸ்ட்ராங், இதைவிடக் கூடுதல். கிழக்குப் பக்கத்துக் கடையில் இனிப்புக் கூடுதல். இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதையும் இன்னொன்றோடு வைத்துப் பார்க்காமல் எனக்குத் தொண்டைக்குள் இறங்காது.

இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்ததும் அப்படித்தான். பனச்சமூட்டுக்காரனுக்கு அந்தச் சௌகரியம் உண்டு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டு ஸ்டேஷனையும் இரண்டு நாள் வெளியே நின்று பார்த்தேன். அங்கே பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது. இங்கே பெஞ்சு ஆடவில்லை, ஆனால் எழுதுகிறவரின் கையெழுத்து மோசம். பரவாயில்லை. நான் நிதானமாகச் சொல்கிறேன், அவரும் நிதானமாக எழுதட்டும்.

பெயர் தாணுமாலயன். வயது நாற்பத்து நான்கு. முதலில் ரேடியோ மெக்கானிக். மூன்று வருடமாகக் கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டி விற்கிறேன். என் கடையின் முன்பக்கம் கேரளம். பின்னால் இருக்கும் குடோன் தமிழ்நாடு. அப்பா காலத்தில் பின்னால் கிடந்த இரண்டு சென்ட் இடத்தையும் சேர்த்துக் கட்டியதில் எல்லைக்கல் சுவருக்குள் போய்விட்டது. முன்பக்கம் கரண்ட் போனால் பின்பக்கத்திலிருந்து வயர் இழுப்போம், பின்பக்கம் போனால் முன்பக்கத்திலிருந்து. எங்கள் ஊரில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

டிக்சன் என் கூட்டாளி. குளத்தூர்க் கடற்கரைக்காரன். குடும்பமே கடலில் கிடக்கிறது. இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. அதனால் கரையில் என்ன விற்கலாமோ அதையெல்லாம் விற்றுவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, ஆளைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். எனக்கும் பிடிக்கும். இதைத் தனியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி மதர்போர்டு. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் பச்சையாக ஒரு பலகை கிடக்கும். மற்ற எல்லாமே அதன்மேல்தான் ஏறி உட்காரும். நாங்கள் விற்றது லிங்மார் கம்பெனியின் கே வரிசை. கே-1, கே-2, கே-3, கே-3 பிளஸ், கே-4 என்று ஐந்து மாடல். இந்த ஐந்தையும் வைத்து ஒரு அட்டவணை போட்டேன். அறுபத்திரண்டு வரி. மெமரி குத்தும் இடம் எத்தனை, திருகு ஓட்டை எங்கே, பேட்டரி படுத்திருக்கிறதா நிற்கிறதா, அட்டைப்பெட்டி என்ன நிறம், எல்லாம் உண்டு. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன், சார். அதற்கு முன்னும் பின்னும் அப்படி இருந்த ஞாபகமில்லை.

வருகிறவர்கள் கே-1, கே-2 வேண்டாம் என்பார்கள். கே-4 எட்டாது. எல்லோரும் வந்து மாட்டிக்கொள்வது கே-3யிலும் கே-3 பிளஸ்ஸிலும்தான். இந்த இரண்டுக்கும் அறுபத்தொரு வரி ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் ஒரே ஒரு வரியில். நாற்பத்தோராவது வரி, கேச் மெமரி. பிராசஸர் அடிக்கடி கேட்பதைக் கைக்கெட்டுகிற இடத்தில் எடுத்து வைத்திருக்கும் சின்ன மெமரி அது. கே-3யில் இருநூற்று ஐம்பத்தாறு கிலோபைட். பிளஸ்ஸில் கறுப்பாக இரண்டு சிப்பு கூடுதல், ஆக ஐந்நூற்றுப் பன்னிரண்டு. நாற்பது வரியைக் கேட்டவனுக்குத்தான் நாற்பத்தோராவது வரியின் அருமை தெரியும் என்பது என் கொள்கை. அதனால் யாருக்கும் ஒன்றாம் வரியிலிருந்துதான் தொடங்குவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதற்கும் 'மதி' என்பார்கள். போதும் என்று அர்த்தம். சத்யை விருந்தில் இலைக்கு மேல் கையை விரித்து 'மதி'. பெண் பார்க்கப் போன இடத்தில் குடும்பத்துப் பெரியவரான காரணவர் எழுந்து 'இது மதி'. அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். டிக்சனின் வியாபாரம் முழுக்க அந்த ஒரு சொல்தான்.

ஜூன் எட்டாம் தேதி, திங்கட்கிழமை. ஒற்றசேகரமங்கலத்தில் டைப் இன்ஸ்டிடியூட் நடத்தும் பொன்னையன் வந்திருந்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்து நாற்பது வரி கேட்டார். நெற்றி வியர்த்துவிட்டது, ஆனால் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தோராவது வரியில் விரலை வைத்தேன். அப்போதுதான் டிக்சன் சாயா குடித்துவிட்டு உள்ளே வந்தான். பொன்னையன் முகத்தைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணாக்கும் பொன்னையண்ணா. கே-3 மதி."

பொன்னையன் எழுந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருப்பே மக்கா" என்றார். ஏழு மாதம் எழுதியவன் நான். என் கையை இதுவரை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது, சார். மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

பொன்னையன் பஸ் ஏறிய பிறகு, குடோனில் பிளஸ் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். டிக்சன் உள்ளே போனான். வெளியே பூட்டினேன். இரும்புக் கதவு, சரக்கு கொடுத்து வாங்க அதில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் வழியாக அட்டவணையை நீட்டினேன். பாடம் படித்துப் பரீட்சை எழுதிவிட்டால் போகலாம் என்று சொன்னேன். சிரித்தான்.

"அண்ணனுக்கு வட்டாக்கும், நல்ல கிறுக்கு. திறக்கணும், எனக்கு ஆறு மணி வண்டிக்குப் போணும்."

நான் வினாத்தாளையும் நீட்டினேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அவனை நான் முதல் நாளிலிருந்தே பட்டினி போட்டேன் என்று நாளைக்கு ஊரில் பேசுவார்கள். பொய். கப்பைக் கிழங்கும் மீனும் கொடுத்தேன், பாய் கொடுத்தேன், மூலையில் பழைய கக்கூஸ் உண்டு. குழாய் மட்டும் கிடையாது. தண்ணீரைக் கேனில் கொடுத்தேன். கண்ணால் பார்த்துப் படிக்கட்டும் என்று ஒரு கே-3, ஒரு பிளஸ், ஒரு லென்ஸ், ஒரு திருப்புளி எல்லாம் கொடுத்தேன். முதல் பரீட்சையில் பதினான்கு. மூன்றாம் நாள் முப்பத்தேழு. பதினான்கிலிருந்து முப்பத்தேழு! அந்தத் தாளைத் திருத்தும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான்காம் நாள் அவன் மனைவி வயலட் வந்தாள். "அவரு அண்ணன்ட்ட வல்லதும் சொல்லிட்டுப் போனாரா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். ஐந்தாம் நாள் அவள் புகார் கொடுத்து ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. முன்பக்கம் முழுக்கப் பார்த்தார்கள், மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள். இரும்புக் கதவுப் பக்கம் வந்ததும் பெரியவர் நின்றுவிட்டார்.

"இதுக்கு அங்கோட்டு நம்ம லிமிட் இல்ல, இல்லியா?"

"இல்ல சாரே. சாவி இருக்கு, திறந்து காட்டட்டா?"

"வேண்டாம் வேண்டாம். பின்ன அவனுவ வந்து ஏன் உள்ள கேறினேன்னு கேப்பானுவ. கடுதாசி எழுதணும், மேல போணும். அது பெரிய பாடாக்கும்."

நான் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் வேண்டாம் என்றார். உள்ளே டிக்சன் கத்தியிருப்பான். ஆனால் அஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இடவப்பாதி மழை விழுந்தால் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே காதில் விழாது. அவர்கள் சட்டப்படி நடந்தார்கள், நான் ஒத்துழைத்தேன். அன்று யார்மேலும் குறை சொல்ல முடியாது.

ஆறாம் நாள் வயலட் ஒரு தூக்குச் சட்டியில் மாங்காய் போட்ட மீன்கறி கொண்டுவந்தாள். "அண்ணன் ஒத்தைக்கு அலைஞ்சு தேடுதிய. ஒழுங்கா வல்லதும் தின்னியளா?" என்றாள். நான் தேடுவதாக அவளாகவே நினைத்துக்கொண்டாள். கறியை டிக்சனுக்குத்தான் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் நிறுத்திவிட்டான்.

"இது வயலட் வச்ச கறியாக்கும். அவ இஞ்ச வந்தாளா?"

"வந்தா."

"நான் இஞ்ச இருக்கேன்னு சொன்னியளா?"

"பாடம் முடியட்டும்."

அவன் அழுதுகொண்டே சட்டியை வழித்துத் தின்றான். அன்று சாயங்காலம் ஐம்பத்தைந்து வாங்கினான். அதனால் அந்தக் கறி நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

எட்டாம் நாள் தாள் வந்தது. அறுபத்தொரு வரி அச்சு மாறாமல் சரி. மெட்ராஸில் இருக்கும் டீலருக்கே அவ்வளவு தெரியாது. நாற்பத்தோராவது வரியில் மட்டும் 'வித்தியாசம் இல்லை' என்று எழுதியிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. திறப்பைத் திறந்து, எலே, வேண்டுமென்றே செய்கிறாயா என்று கேட்டேன். அவன் பிளஸ் போர்டைக் கொண்டுவந்து காட்டினான். அந்தக் கூடுதல் சிப்பு இரண்டையும் திருப்புளியால் பிளந்திருந்தான்.

"அண்ணன் கோவப்படாம பாக்கணும். இது உள்ள ஒண்ணுமில்ல. வெறும் பிளாஸ்டிக்காக்கும். சும்மா காலு ஒட்டி வச்சிருக்கானுவ."

"ஸ்கிரீன்ல ஐந்நூத்திப் பன்னெண்டுன்னு காட்டுதே."

"எழுதி வச்சா காட்டும். எங்க அப்பன் வள்ளத்தில மின்னல்னு எழுதி வச்சிருந்தாரு. அது ஒருநாளும் நேரத்துக்குக் கரை சேர்ந்ததில்ல."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்டிக். உள்ளே ஒன்றும் இல்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நம்மளப் பறஞ்சு ஏமாத்திட்டானுவ அண்ணா. செரி, போட்டு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், அண்ணன் சங்கடப்படண்டாம். பாஸ் ஆயிட்டேன் இல்லியா? இனி நான் போட்டா?"

எட்டு நாள் பூட்டி வைத்தவனுக்கு அவன் ஆறுதல் சொன்னான், சார். அவன் கண்ணில் கோபம் இல்லை. என்மேல் இரக்கம் இருந்தது. பொன்னையனைப் பார்த்த அதே கண். கோபப்பட்டிருந்தால் கதவைத் திறந்திருப்பேனோ என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். திறந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு போர்டில் இருப்பதை வைத்து ஒரு மாடலையே குறை சொல்லக்கூடாது. சரிபார்க்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன், திறப்பை மூடினேன். முன்பக்க அலமாரியில் பதினோரு பிளஸ் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, சிப்பைப் பிளந்து, லென்ஸில் பார்த்து, எழுதி வைத்தேன். அவசரப்பட்டுச் செய்கிற வேலை அல்ல அது. ஒன்பது நாள் ஆனது.

அந்த ஒன்பதில் இரண்டாம் நாள் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வயலட் கையில் ஜெபமாலையோடு என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"பொறத்தால என்ன அண்ணா, டக்கு டக்குன்னு கேக்குது?"

"ஹார்டு டிஸ்க்காக்கும் மோளே. பழசு. போகப்போற நேரத்தில அப்படித்தான் தட்டும்."

"நன்னாக்க முடியாதா?"

முடியாது என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மாலையை உருட்டினாள். நான்காம் நாள் வந்தபோது, சத்தம் நின்றுபோச்சே என்று அவளாகவே சொன்னாள். ஆமாம், நின்றுவிட்டது என்றேன். அன்று ஐந்தாவது போர்டைப் பிளந்துகொண்டிருந்தேன்.

வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் மறக்கிற ஆள் இல்லை. தண்ணீர்க் கேன் என் காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒன்பது நாளும் நிறைத்தே வைத்திருந்தேன். அந்தத் திறப்பைத் திறந்தால் அவன் மறுபடியும் என்னை அப்படிப் பார்ப்பான். அதற்காகத்தான் திறக்கவில்லை. டிக்சனைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம், அதை மட்டும் சேர்த்துவிடச் சொல்லுங்கள். பதினோரு போர்டையும் பார்த்துவிட்டேன், பதினொன்றிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டும் ஒன்று என்று அவன் சொன்னது தப்பு, சார். பிளஸ்ஸில் உள்ளே ஒன்றுமில்லாத சிப்பு இரண்டு இருக்கிறது. கே-3யில் அதுகூட இல்லை.