சிவப்பு ரிப்பன் கட்டிய பாட்டில்

அந்தச் சுவர்க் கடிகாரம் பின்தங்கி ஓடுகிறது, ஐயா. உள்ளே வந்ததும் என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஐந்து நிமிடம் குறைகிறது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். காலமெல்லாம் நேரத்தோடு மல்லுக்கட்டியவனுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும்.

"கலந்தியா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று கேட்டீர்கள். ஒரே வார்த்தையில் சொன்னால் என்னைப் பற்றி உங்களுக்குத் தப்பான எண்ணம்தான் வரும். முதலிலிருந்து சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே.

ஓட்டப்பந்தயச் சங்கத்தில் என் வேலை, யார் எவ்வளவு நேரத்தில் ஓடி முடிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வது. ஜோசியம் இல்லை, கணக்கு. மைதானத்துப் படிக்கட்டுகளுக்குக் கீழே எனக்கு ஓர் அறை உண்டு. ஓடுகிறவர்கள் என்னைக் 'கருநாக்கு' என்பார்கள். நான் சொன்னது பலித்துவிடும் என்ற பயம். எனக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறவர்களை நடுவில் ஓர் அரை மாரத்தான் ஓடவிடுவார்கள். ஓய்வெடுத்துவிட்டுத் துள்ளிக்கொண்டு ஓடுகிற ஓட்டமல்ல அது. வாரக்கணக்கில் ஓடி ஓடிக் கால் இரண்டும் கல்லாய்க் கனக்கும்போது ஓடுவது. உடம்பில் எவ்வளவு களைப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் நேரத்தைச் சொல்ல முடியும். அதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மைதானத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன். துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. அதற்குக் கருவிகள் வந்துவிட்டன. என் விரலுக்கு அவை உறைபோடக் காணாது.

என் தங்கையை உங்களுக்குத் தெரியும், பேப்பரில் படம் வந்ததே. வீட்டில் அவளுக்குப் பெயர் பம்பரம். நான் வைத்தது. ஓடக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். அப்பா இல்லாத வீட்டில், அவள் கால் வலித்து அழுத ராத்திரிகளில் எண்ணெய் தேய்த்துவிட்டவன் நான். போன வருடம் ஒருநாள் வந்து நின்றாள். "அண்ணா, இனிமே அந்தப் புது கோச்சுகிட்ட பயிற்சி எடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். என் கடா அதோடு நிற்காமல் அடுத்தவன் தோட்டத்தில் மேயவும் போய்விட்டது. சரி என்று சொன்னேன். அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கோச் நேற்று முளைத்த காளான். எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவான். தேர்வுக் குழு கூடியபோது, அரை மாரத்தானை எழுபது நிமிடத்துக்குள் முடித்தால்தான் மாரத்தான் அணியில் இடம் என்று தலைவர் சொன்னார். என் தங்கையின் நேரம் என்னவாக இருக்கும் என்று என்னைக் கேட்டார்.

"எழுபத்தொண்ணு" என்றேன். சோதனையில் அவள் துடிப்பு இறங்க மறுத்தது. விரலில் பட்டதைச் சொன்னேன்.

கோச் சிரித்தான். "அறுபத்தொன்பதுன்னு எழுதுங்க சார். கூடப் பொறந்தவரே காலை வாரினா அந்தப் பொண்ணு எங்க போகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும்தான். "இந்தத் தடவை உங்க வாக்கு தப்பாப் போச்சுன்னா, அப்புறம் கோச் கணக்கையே வச்சுக்கலாம்" என்றார். தேநீர் கொண்டுவந்த ஆள்கூடக் கீழே பார்த்துக்கொண்டு சிரித்ததை நான் கவனித்தேன்.

போட்டிக்கு முந்தைய சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்தாள். நான் சமையலறையில் அவளுடைய பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெரிய ஓட்டக்காரர்களுக்கு வழியில் மேசை போட்டு அவரவர் பாட்டிலை வைத்திருப்பார்கள். ஓடுகிற வேகத்தில் அடையாளம் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொருவரும் ஏதாவது கட்டிவிடுவார்கள். அவள் பாட்டிலில் இருந்தது அவளுடைய பள்ளிக்கூடத்துச் சிவப்பு ரிப்பன். கோச் மாறினாலும் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலப்பது மட்டும் நான்தான். பிறர் கலந்தால் அவளுக்குக் குமட்டும்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"நீங்க சோதிச்சீங்கல்ல, அன்னிக்குக் காலையிலயே நான் ரொம்ப தூரம் ஓடிட்டுத்தான் வந்தேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கோச் சொல்லிட்டாரு. அதான் துடிப்பு இறங்கல. நாளைக்கு நான் எழுபதுக்குள்ள ஓடிடுவேண்ணா. நீங்க இப்பவே தலைவருக்கு போன் பண்ணி மாத்திச் சொல்லிடுங்க. நாலு பேர் உங்களைப் பாத்துச் சிரிச்சா என்னால தாங்க முடியாது."

அவள் கண் கலங்கியிருந்தது. என்னை ஏமாற்றியதைக்கூட மன்னித்திருப்பேன். ஏமாற்றிவிட்டு என்மேல் பரிதாபப்பட்டாள். அவள் காலைப் பிடித்துவிட்ட கையைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். அந்த நிமிடம் அவளைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. "சாப்பிட்டுட்டுத் தூங்கு" என்று மட்டும் சொன்னேன்.

"பாட்டில் நீங்கதானே கலக்குவீங்க?"

"வேற யாரு கலக்குவா?"

நான் போன் செய்யவில்லை. சொன்ன சொல்லை மாற்றுகிறவன் அல்ல நான். என் வாக்கு பலிக்க நான் கொஞ்சம் உதவுவது அதுதான் முதல் தடவை என்று நினைக்காதீர்கள். கொக்கு என்று ஒரு நெட்டைப் பையன் இருந்தான். நான் சொன்ன நேரத்துக்கு முன்பே ஓடி முடித்துவிடுவான் போலிருந்ததால், போட்டிக்கு முந்தைய ராத்திரி விடிய விடிய அவன் அறைக்கு போன் போட்டு எழுப்பிக்கொண்டே இருந்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓடுவதையே விட்டுவிட்டான், அது வேறு விஷயம்.

காலையில் அம்மாவின் மருந்து டப்பாவைத் திறந்தேன். இதயத் துடிப்பை அடக்கி வைக்க அம்மா தினமும் போட்டுக்கொள்கிற மாத்திரை. உங்கள் தாளில் விஷம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அம்மாவை இத்தனை வருடம் உயிரோடு வைத்திருப்பது எப்படி விஷமாகும்? ஒன்று போதாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து இன்னும் சிலவற்றைச் சேர்த்துப் பொடித்தேன். புளிப்பில் கசப்பு தெரியவில்லை. நான் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். எதையும் ருசி பார்க்காமல் அவளுக்குக் கொடுத்ததில்லை.

பாதி வழி மேசையருகே நின்றேன். அவள் மூன்றாவதாக வந்தாள். அழகான ஓட்டம், தோள் அசையவேயில்லை. கோச் சொன்ன அறுபத்தொன்பதுக்குச் சரியான வேகம். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ரிப்பன் பாட்டிலை எடுத்தாள். மற்றவர்கள் இரண்டு வாய் குடித்துவிட்டு எறிந்துவிடுவார்கள். அவள் நான் கலந்ததைச் சொட்டு விடாமல் குடிப்பாள்.

ஸ்கூட்டரில் முடிவுக் கோட்டுக்குப் போனேன். அவள் வரும்போது முகம் வெளுத்திருந்தது, கால் ஒன்றோடொன்று பின்னியது. கூட்டம் கைதட்டுவதை நிறுத்திவிட்டது. கோட்டைத் தாண்டினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எழுபத்தொரு நிமிடம், சில விநாடிகள். அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தேன். அவள் தரையில் கிடந்தாள். கோச் கத்திக்கொண்டே ஓடினான், வாயில் மெல்ல ஒன்றும் இல்லை.

நான் தலைவரிடம் போய் "எழுபத்தொண்ணு" என்றேன்.

"யோவ், உன் தங்கச்சி அங்க விழுந்து கிடக்கறாய்யா" என்றார்.

"தெரியும், பாத்தேன்" என்றேன். அவர் ஏன் என்னிடமிருந்து விலகி நின்றார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பொய்க் களைப்பைக் காட்டி என் கணக்கைக் கெடுத்தவர்கள் அவர்கள். கெட்டதை நான் சரிசெய்தேன், அவ்வளவுதான்.

நேற்று டாக்டர் வந்து, இதயம் தேறிவிட்டது, ஆறு மாதத்தில் பழையபடி ஓடலாம் என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கோச் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "அடுத்த வருஷம் அறுபத்தெட்டும்மா" என்றான். தங்கை சிரித்தாள். நான் சொன்ன நேரத்தை ஓடிக் காட்டிய பிறகும் அவன் கணக்குக்குத்தான் சிரித்தாள்.

"இவ இனிமே ஓட மாட்டா" என்றேன்.

"வாயக் கழுவுடா" என்றாள் அம்மா. "உன் கருநாக்கு பலிச்சிடப் போகுது."

இன்று காலை இரத்தப் பரிசோதனை முடிவோடு உங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இரண்டே கேள்வி, வந்துவிட்டுப் போகலாம் என்றார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். தங்கைக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வருகிறேன் என்றேன், விட்டார்கள். ஆஸ்பத்திரித் தண்ணீர் அவளுக்குக் குமட்டுகிறது. பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் மருந்து கொடுத்ததும், தலைமாட்டில் இருக்கும் ரிப்பன் பாட்டிலை அம்மா எடுத்துக் கொடுப்பாள். நான் கலந்தது என்றால் அவள் மிச்சம் வைக்க மாட்டாள். நீங்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன் என்றதும் நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. உங்கள் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில், கலந்தேன். அன்றைக்கும் கலந்தேன், இன்றைக்கும் கலந்தேன். இந்தத் தடவை அம்மா பையிலிருந்த மாத்திரை டப்பாவில் ஒன்றும் மிச்சமில்லை.

போனை எடுக்கிறீர்கள். பன்னிரண்டு அடிக்க இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். அந்தக் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, ஐயா. வந்ததும் முதலில் அதைத்தானே சொன்னேன்.