மூடி மேல் கோலம்

விஜயநகரில் ஏறிய பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"இனிமே மேன்ஹோல் மூடி மேல நான் கோலம் போட மாட்டேன்."

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"எதுக்குக்கா?"

"எங்க வாசல்லதானே இருக்கு அது. வட்டமா, வாகா இருக்குன்னு தினமும் அது மேலதான் போடுவேன். போன வாரம் சாக்கடை அடைச்சுக்கிச்சு. மெஷின் வர ரெண்டு நாளாகும்னாங்க. பாத்ரூம்ல தண்ணி ஏறுது. இவரு யாரையோ போன் பண்ணி வரவெச்சாரு."

"ஆள் இறங்கறதுக்கா? அது தப்பில்லையா?"

"தப்புதான். தெரியும். வந்தவன் கன்னடக்காரன்னு நெனச்சு நான் கன்னடத்துலயேதான் பேசினேன். அவன் கம்பியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறான், மூடியைத் தூக்கல. நானும் இவரும் பேசினதக் கேட்டிருப்பான் போல. தமிழ்லயே கேக்கறான், 'அம்மா, கோலம் அழிஞ்சிடுமே, பரவால்லையா?'ன்னு."

"ஹௌதா! நெஜமாவா?"

"பரவால்லப்பா, நாளைக்கு வேற போட்டுக்கறேன்னு சொன்னேன்."

கண்டக்டர் வந்தார். இருவரும் ஆதார் கார்டைக் காட்டிப் பெண்களுக்கான இலவச டிக்கெட் வாங்கிக்கொண்டார்கள்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா?"

"இல்ல. கை கால் கழுவிக்கிட்டுப் போயிட்டான். ஆனா பாரு, என் கோலத்துக்கு அவன் யோசிச்சான். இறங்காதப்பான்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

இளையவள் கேட்டாள்: "இன்னிக்குக் கோலம் போட்டீங்களா?"

"போட்டேன். ரெண்டடி தள்ளி."