கோடு விழாத திரை

பச்சையில் இத்தனை வகை இருப்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இலைப் பச்சை முதலாளிக்குப் பிடிக்கவில்லை. கிளிப் பச்சை அவர் கண்ணை உறுத்தியது. வாரக்கணக்கில் பச்சையிலேயே பொழுது போனது. முதலில் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஐயா: கடைசியில் அமைந்தது நல்ல பச்சை.

தொழிற்சாலையில் உள்ள எல்லா இயந்திரங்களின் சூட்டையும் வேகத்தையும் இணையம் வழியே ஒரே திரையில் காட்டும் அமைப்பு அது. இயந்திரத்தில் அளவு பார்க்கும் ஒரு உணரி, அதிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து சர்வர், சர்வரிலிருந்து திரை. திரையில் இயந்திரத்துக்கு ஒரு கட்டம்: சரியாக ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. வரவேற்பறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை, சூடேற்றிக் கூடத்தில் தலையணை அளவுக்கு ஒன்று. முதலாளி எங்கே இருந்தாலும் போனில் பார்க்கலாம். பார்த்துவிட்டு என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. திறப்பு விழாவில், "இனி என் கண்ணுக்குத் தப்பி இங்கே ஒரு திருகாணிகூடச் சுற்றாது" என்று பேசினார். கைதட்டினோம்.

எண்ணெய்ச் சூடேற்றியைக் கவனித்துக்கொண்டவர் என் அக்காவின் கணவர். மாமா காய்ச்சும் எண்ணெய்தான் குழாய் வழியே மற்ற கூடங்களுக்குச் சூட்டைக் கொண்டுபோகும். சூடு அளவு மீறினால் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடு எப்போதோ பழுதாகி, 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்ற பதிலோடு கிடந்தது. அது செய்ய வேண்டியதை மாமாவின் காதும் புறங்கையும் செய்துவந்தன. கூடவே இயந்திரத்தின் தலையில் முள் வைத்த வட்ட மானி ஒன்றும் இருந்தது. கண்ணாடி விரிசல் விட்டது. பார்க்க அசிங்கம் என்று விழாவுக்கு முன் கழற்றிப் போட்டார்கள். பிறகு முதலாளி ஆசைப்பட்டார் என்று அதே மானியை அதே முள்ளோடு திரையில் வரைந்தேன். கண்ணாடியில் வெளிச்சம் பட்டது போல ஒரு மினுக்கும் வைத்தேன்.

விழாவுக்கு மறுநாள் மாமா தன் கூட்டாளிகளை வரவேற்பறை வாசல்வரை கூட்டிவந்தார். "என் மச்சினன் போட்டதுடா. நல்லாப் பாத்துக்கங்க, தொட்டுடாதீங்க. கையெல்லாம் கிரீஸு."

குழாயருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பது அவர் வழக்கம். நான்தான் கேலி செய்வேன்.

"என்ன மாமா, மெஷினுக்குக் காய்ச்சலா?"

"பழக்கதோஷம் மாப்ளே" என்று திருடிப் பிடிபட்டவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். கொஞ்ச நாளில் அந்த வழக்கமே போய்விட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கம்பி தளர்ந்தால் எண் வராது. வராத இடத்தில் ஒரு கோடு விழும்படி எழுதியிருந்தேன். ஒருமுறை விருந்தினர் முன்னால் கோடு விழுந்துவிட்டது. "என்னய்யா இது, பரீட்சைல பதில் தெரியாதவன் மாதிரி கோடு போட்டு வச்சிருக்கு?" என்றார் முதலாளி. கடைசியாக வந்த எண்ணே நிற்கட்டும் என்று மாற்றினேன். அடுத்த முறை வந்தவர்களில் ஒருவர், "அசையவே இல்லையே, வெறும் படமா?" என்று கேட்டுவிட்டார். முதலாளியின் காதுமடல் சிவந்தது.

அதனால் எண்ணை அசைய வைத்தேன். கம்பி போனாலும் கடைசி எண் ஒன்று கூடும், ஒன்று குறையும். நூற்றெண்பது, நூற்றெண்பத்தொன்று, நூற்றெழுபத்தொன்பது. தூங்குகிறவர் மூச்சு விடுவது போல இருக்கும். நான் எழுதியதில் அழகான வரிகள் அவைதான். மனசாட்சிக்காக எண்ணின் ஓரத்தில் எள்ளளவு சாம்பல் நிறப் புள்ளி ஒன்று வைத்தேன். புள்ளி தெரிந்தால் எண் பொய். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். பெரிய விருந்தினர்கள் வந்திருந்தார்கள். நான் இஸ்திரி கலையாத சட்டையில் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். முதலாளி பேச்சின் நடுவில் இருந்தபோது சூடேற்றியின் எண்ணருகே புள்ளி வந்தது. பார்த்தேன். விருந்தினர் காபி குடித்துக் கிளம்பட்டும், ஆள் அனுப்பலாம் என்று நினைத்தேன்.

போன் அடித்தது.

"மாப்ளே, சத்தம் சரியில்ல. குழாய் வேற முனகுது. உன் திரையில நூத்தியெம்பதுன்னுதான் காட்டுது. நெஜமாவே அவ்வளவுதானா?"

முதலாளி பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். புள்ளி என் கண்ணெதிரே இருந்தது.

"அவ்வளவுதான் மாமா."

"எதுக்கும் அணைச்சிடட்டுமா?"

அணைத்தால் அந்தக் கட்டம் சிவப்பாகிவிடும்.

"வேணாம் மாமா. ஆளுங்க இருக்காங்க."

"நீ சொன்னா சரி. உன்னைவிடவா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது?" சிரித்தார். "சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டுப் போ. அக்கா உன்னையே கேட்டுட்டு இருக்கா."

வெடித்தபோது வரவேற்பறையில் காபிக் கோப்பைகள்தான் அதிர்ந்தன. திரை பச்சையாகவே இருந்தது.

சூடு கடைசிவரை நூற்றெண்பதை விட்டு நகரவில்லை, ஆகவே மாமாவின் சாவுக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவுதான் என்று நிர்வாகம் சொன்னது. அதற்கு ஆதாரமான வரைபடத்தை எடுத்துக் கொடுத்தவன் நான். வண்ணத்தில் கொடுத்தேன்.

"அவர் அப்படிக் கவனமில்லாத ஆளாடா?" என்று அக்கா கேட்டாள்.

"மனுஷன்தானேக்கா" என்றேன்.

அவள் நம்பினாள். அதற்குப் பிறகு அவமானத்தில் தெருவில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இன்று காலை மாமாவின் சாப்பாட்டு டப்பாவையும் மூக்குக் கண்ணாடியையும் வாங்கிப்போக வந்தாள். நான் இறங்கி வரும்போது வரவேற்பறைத் திரைக்கு முன் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய கட்டம் எது என்று அவளுக்குத் தெரியும். மாமா அதைப் போனில் படம் எடுத்துப் போய் வீட்டில் எல்லோருக்கும் காட்டியிருந்தார். கூடம் இருந்த இடத்தில் இப்போது வளைந்த தகரமும் கரியும்தான். கட்டத்தில் நூற்றெண்பது. பிறகு நூற்றெண்பத்தொன்று. பச்சையாக இருந்ததால் அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா திரும்பினாள்.

"மெஷினே இல்லையேடா. இது யாரோட சூடு?"

அங்கிருந்து நேரே காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மாமா கவனமில்லாமல் இருக்கவில்லை. அவர் கேட்டார். அணைக்கிறேன் என்றும் சொன்னார். எண் பொய் என்று தெரிந்தே நான்தான் வேண்டாம் என்றேன். 'தெரியல மாமா' என்று சொல்லியிருந்தால் அவர் தீயை அணைத்திருப்பார்.

அந்த எண்ணை ஏன் இன்னும் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்கள். அந்தச் சில வரிகளை அழித்தால் போதும், வாஸ்தவம்தான். ஆனால் அழித்தால் பழையபடி அந்த இடத்தில் கோடு விழும். அக்கா பார்த்தால் தாங்கமாட்டாள்.