பத்தொன்பது சைக்கிள் கவர்கள்

இந்த மலையில் சைக்கிளால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அய்யா. ஏறும்போது நாம் அதைத் தள்ள வேண்டும், இறங்கும்போது அது நம்மைத் தள்ளிவிடும். கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் தபாலாபீசுக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு இது தெரியாது. அன்னூரில் பதினோரு வருஷம் சைக்கிளில் போய்த் தந்தி கொடுத்தவன் நான். பரீட்சை எழுதிப் போஸ்ட்மாஸ்டர் ஆனதும், அதே சைக்கிளை பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினேன். எஸ்டேட்டே கூடி நின்று சிரித்தது. "ஏனுங்க, இதுல எங்கீங்க போறாப்புல உத்தேசம்? ஆகாசத்துக்குங்களா?" என்று ஃபீல்டு கிளார்க் பவுல்ராஜ் கேட்டார்.

அதை ஆபீஸ் வராந்தாவில், ஜன்னலை ஒட்டிச் சாய்த்து வைத்தேன். பதினாறு வருஷமாக அங்கேதான் நிற்கிறது. தினமும் துடைப்பேன், எண்ணெய் போடுவேன், டயருக்குக் காற்றுகூட அடிப்பேன். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே. ஒரு நாள் வெளிநாட்டுக் கவர் ஒன்றில் சைக்கிள் படம் போட்ட தபால்தலை வந்தது. ஒருவன் குனிந்து மிதிக்கிறான், பின்னால் சமதரை. எவ்வளவு தூரத்துக்குச் சமதரை தெரியுமா? அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

என் வேலையில் குறை சொல்ல யாருமில்லை. வந்த மணியார்டரை நான் ஒரு நாள் தாமதப்படுத்தியதில்லை. யார் கடிதத்தையும் பிரித்துப் படித்ததில்லை. வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பத்தொன்பது கவர்களில் ஒன்றைக்கூட நான் பிரிக்கவில்லை. மேஜை மேல் இருக்கின்றன, எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நீங்கள் கிழித்த ஒன்றைத் தவிர மற்றதில் ஒட்டிய கோந்து ஒட்டியபடியே இருக்கும்.

சில்வஸ்டரைச் சொல்கிறேன். எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்த்தவன். தூத்துக்குடியில் இருந்த மாமன் மூலமாகக் கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. எழுபத்தைந்து ஜனவரியில் புறப்பட்டான். அவன் பெண்டாட்டி பிலோமி அப்போது ஐந்து மாதம். புறப்படுகிற அன்றைக்கு இரண்டு பேருமாக ஆபீசுக்கு வந்தார்கள். "அய்யா, நான் போற ஊர்லயெல்லாம் சைக்கிள் ஸ்டாம்பாத் தேடி ஒட்டி அனுப்பறேனுங்க. காயிதத்த இவ எடுத்துக்கட்டும், ஸ்டாம்ப நீங்க எடுத்துக்கோங்க" என்றான். இந்த மலையில் என் சைக்கிளைப் பார்த்துச் சிரிக்காதவன் அவன் ஒருவன்தான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

எஸ்டேட்டில் வீடு வீடாகத் தபால் கொடுக்கிற வழக்கம் இல்லை. பதினோரு மணி பஸ்ஸில் பை வரும். கொழுந்து நிறுக்க வருகிற பெண்கள் அப்படியே ஜன்னலுக்கு வந்து கேட்டுக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் "அய்யா" என்று கூப்பிடுவார்கள். பிலோமி கூப்பிட மாட்டாள். என் சைக்கிள் மணியை ஒரே ஒரு தரம் அடிப்பாள். நான் தலையைத் தூக்கினால் சிரித்துக்கொண்டு நிற்பாள். வேறு யாராவது அதைத் தொட்டால் எனக்குக் கோபம் வரும். அவள் அடித்தால் வராது.

முதல் கவர் மார்ச்சில் வந்தது. நீலநிறத் தபால்தலை, இரண்டு சைக்கிள்காரர்கள். வாங்கிக்கொண்டு போனவள் மறுநாள் தலையை மட்டும் வெட்டி எடுத்துவந்து கொடுத்தாள். கத்தரிக்கோலால் வெட்டியிருந்தாள், அய்யா. தபால்தலையைச் சுற்றிப் பல் பல்லாக இருக்கிறதே, அதில் ஒரு பக்கம் முழுக்கப் போய்விட்டது. பல் போன தலையை யாரும் ஆல்பத்தில் வைக்க மாட்டார்கள். "நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். "நல்லா இருக்குது" என்றேன்.

ஏப்ரலில் இரண்டாவது. கவரோடு கொடு, நான் தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையைப் பிரித்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கவரைத் தர மாட்டேன் என்றாள். அடுத்த துறைமுகத்தின் விலாசம் அதன் முதுகில்தான் எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பதில் போட வேண்டுமாம். கப்பல்காரனுக்கு நிலையான விலாசம் ஏது? ஒரு கடிதம் வந்தால்தான் அடுத்ததற்கு எங்கே எழுதுவதென்று தெரியும். அந்தக் கடிதத்தில் சில்வஸ்டர் எழுதியிருந்ததை அவளே ஜன்னலில் நின்று எனக்குச் சொன்னாள். "கொழந்தைக்குப் பேரு அடுத்த காயிதத்துல எழுதறேன்னு சொல்லியிருக்குதுங்க. அதுவரைக்கும் ஞானஸ்நானம் குடுத்துடாதன்னு எழுதியிருக்குது."

இதற்கு நடுவில் கோயமுத்தூரில் தபால்தலை சேகரிப்பவர்கள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் என் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, தலையை மட்டும் உரித்து வைப்பது சிறுபிள்ளை வேலை என்றார். முழுக் கவர்தான் கவுரவம். தலை, அதன் மேல் முத்திரை, விலாசம், எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அதிலும் பிரிக்காத கவர் என்றால் கையெடுத்துக் கும்பிடலாம் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மே மாதம் பிலோமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜூன் ஒன்பதாம் தேதி மூன்றாவது கவர் வந்தது. போலந்துத் தலை, மூன்று பேர் ஒன்றாக வளைவில் திரும்புகிறார்கள். முத்திரை ஓரத்தில் மட்டும், படத்தின் மேல் ஒரு பொட்டு மை இல்லை. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் விரலை விட்டுக் கிழிக்கப் போகிறாள், கத்தரிக்கோலை எடுக்கப் போகிறாள் என்று தோன்றியது. சாயங்காலம் பிளேடால் கவரின் வாயைச் சுத்தமாகப் பிரித்து, நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்றுதான் டிராயரில் வைத்தேன். மணி அடித்தது. நின்றுகொண்டிருந்தாள், முதுகில் குழந்தை.

"வந்துதுங்களா?"

"இன்னிக்கு ஒண்ணும் வரலையே, அம்மிணி."

அவ்வளவுதான் சொன்னேன். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் கொடுத்திருக்கலாம். ஆனால் எடுத்த பிளேடைத் திரும்ப வைத்துவிட்டேன். பிரித்த பிறகு அது பிரித்த கவர்தானே.

அப்புறம் வந்தவற்றை நான் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை வைத்துக்கொண்ட பிறகு அடுத்ததைக் கொடுக்க முடியாது. கொடுத்தால், "போன காயிதத்துல எழுதினேனே" என்று அதில் இருக்கும், கேள்வி வரும். இது உங்களுக்கே புரியும். ஒன்றரை மாதத்துக்கு ஒன்று என்று வந்தது. அவன் பாவம், எங்கெங்கேயோ அலைந்து தேடியிருக்கிறான். ஒரு தலையில் பால்காரன் சைக்கிள், ஒன்றில் பெண்கள் பந்தயம், ஒன்றில் பெரிய சக்கரம் சின்னச் சக்கரம் வைத்த பழைய சைக்கிள். சைக்கிள் இல்லாத கவர் ஒன்று வந்திருந்தால் நிச்சயமாக அவளிடம் கொடுத்திருப்பேன். வரவில்லை.

அவள் தினமும் வந்தாள். மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வருவாள். ஒரு தரம் மணி அடிப்பாள். "இல்லை" என்று நான் தலையை ஆட்டுவேன். போகப்போகச் சிரிப்பு நின்றது, மணி அடிப்பது நிற்கவில்லை. குழந்தைக்குப் பேர் வைக்கவில்லை. பாதிரியார் சொல்லிப் பார்த்தார், பக்கத்து வீட்டு அங்கம்மா திட்டியும் பார்த்தாள். "ஊரு சனமெல்லாம் என்ன நெனைக்கும்? ஏதோ ஒரு பேரை வெச்சுத் தொலையேன்டி" என்று என் ஜன்னலுக்கு எதிரிலேயே சத்தம் போட்டாள். பிலோமி, "அவுங்க அப்பன் எழுதுவாரு" என்றாள். எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

எழுபத்தாறு அக்டோபரில் பவுல்ராஜ் அவளுக்காகப் பம்பாய்க் கப்பல் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதை நான்தான் முத்திரை குத்தி அனுப்பினேன். நிறுத்த நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பதினைந்து நாளில் பதில் வந்தது. சாதாரண அரசாங்கத் தலை. வந்த நிமிஷமே கொடுத்துவிட்டேன். இங்கிலீஷில் இருந்ததால் என்னையே படித்துச் சொல்லச் சொன்னாள், உள்ளதை உள்ளபடி படித்தேன். சில்வஸ்டர் நல்ல உடல்நலத்தோடு ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வேறு கம்பெனிக் கப்பலில் ஏறிவிட்டான், விலாசம் எங்களிடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

"அப்ப நல்லாத்தான் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்காப்புல."

"எழுதத்தான் மனசில்லீங்களாட்ட."

நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பொய் சொல்ல எனக்கு வராது. அவள் காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது மணியை இன்னொரு தரம் அடித்தாள், வேண்டுமென்று இல்லை, கை பட்டது போலத்தான் இருந்தது. அதற்கு மூன்றாம் வாரம் ஃபாக்டரிக்குத் தண்ணீர் எடுக்கும் குளத்திலிருந்து அவளைத் தூக்கினார்கள். குழந்தையை அங்கம்மா வீட்டில் தூங்க வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். நானும் சவ அடக்கத்துக்குப் போனேன். மண் போட்டேன்.

அதற்குப் பிறகும் ஆறு கவர் வந்தன. இறந்தவர் பேருக்கு வந்தால் அப்படியே குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. நான் அனுப்பவில்லை. கடலில் தனியாகக் கிடக்கிறவனுக்கு இப்படி ஒரு செய்தியை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, அய்யா. அந்த அளவுக்குக் கல்நெஞ்சுக்காரன் இல்லை நான்.

சைக்கிள் மணியைப் பற்றிக் கேட்டீர்கள். அதைக் கழற்றி டிராயரில் வைத்தது நான்தான். அவள் போன மறு வாரம், பதினோரு மணி பஸ் வந்து போனதும் ஒரு தரம் அடித்தது. எட்டிப் பார்த்தேன், மூடுபனிதான் நின்றது. மறுநாளும் அடித்தது. குளிரில் இரும்பு சுருங்கும், அதனாலாக இருக்கலாம். கழற்றித் துணியில் சுற்றி டிராயரில் வைத்தேன், கவர்களுக்கு மேலேயே. பதினோரு மணிக்கு டிராயருக்குள்ளிருந்து கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. கவர்களை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் கேட்டது.

ஊட்டித் தபால்தலைக் கண்காட்சியில் அவற்றை ஏன் வைத்தாய் என்கிறீர்கள். வைக்காமல் என்ன செய்வது? அதற்குத்தானே சேர்ப்பது? பேரை மறைத்து ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம்தான். ஆனால் விலாசத்தை மறைத்தால் மதிப்பெண் குறைப்பார்கள். கண்ணாடிக்குள் பத்தொன்பதையும் வரிசையாக வைத்தேன். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை என்று நடுவர்கள் ஆச்சரியப்பட்டு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். பவுல்ராஜ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூ பார்க்க வந்தவர், மழைக்கு உள்ளே நுழைந்திருக்கிறார். கண்ணாடி மேல் குனிந்து ஒவ்வொரு கவராக விலாசத்தைப் படித்துக்கொண்டே வந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு மழையிலேயே வெளியே போனார். அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தப் பத்தொன்பதாவது. பதினெட்டு கவர் பிலோமிக்கு. ஒன்று என் பேருக்கே வந்தது. லிங்கசாமி, போஸ்ட்மாஸ்டர் என்று எழுதியிருக்கிறது. எழுபத்தாறு செப்டம்பரில் வந்தது, அப்போது அவள் உயிரோடு இருந்தாள். அதையும் நான் பிரிக்கவில்லை. தங்க நிறத்தில் ஓரம் போட்ட தலை, மலைப் பாதையில் ஒருவன் தனியாகச் சைக்கிள் மிதிக்கிறான். வரிசையிலேயே அழகானது அதுதான். என் கடிதத்தை நான் பிரிக்காதது எந்தச் சட்டத்தில் குற்றம்?

அதை நீங்கள் காலையில் என் எதிரிலேயே விரலை விட்டுக் கிழித்தீர்கள். சத்தமாகப் படித்தீர்கள். "அய்யாவுக்கு சில்வஸ்டர் எழுதிக்கொள்வது. அய்யாவுக்காகத்தான் ஒவ்வொரு ஊரிலும் சைக்கிள் ஸ்டாம்பு தேடி ஒட்டுகிறேன். அது ஒட்டியிருந்தால் அய்யா பத்திரமாகப் பார்த்துக்கொள்வீர்கள், பிலோமி கையில் தவறாமல் சேரும் என்று ஒரு தைரியம். ஆணென்றால் அமலன், பெண்ணென்றால் ஜெசிந்தா என்று எழுதினேன். பதிலே இல்லை. அவளுக்கு என் மேல் என்ன கோபம்? அய்யா ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த துறைமுகத்திலேயே இறங்கி ஊர் வந்து சேர்ந்துவிடுவேன்."

நீங்கள் படித்து முடித்தபோது நான் அழுதேன் என்று வாக்குமூலத்தில் சேர்த்திருக்கிறீர்கள். அழுதது உண்மை. ஆனால் குற்ற உணர்ச்சியால் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். நீங்கள் கிழித்ததில் அந்தத் தலைக்கு மூன்று பல் போய்விட்டது. அதற்காகத்தான் அழுதேன். வேறு எதற்காகவும் இல்லை.

மற்றபடி எல்லாம் சரியாக இருக்கிறது. நான்தான் வைத்துக்கொண்டேன், பதினெட்டையும். அவள் செத்தது அதனால்தான் என்று நீங்கள் சொன்னால் அதற்கும் கையெழுத்துப் போடுகிறேன். மணி பதினொன்று ஆகிவிட்டதா? வெளியே அடிக்கிறது யாரென்று கான்ஸ்டபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிலோமியாக இருந்தால், இன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.