இரண்டாவது பிரேக்

பேக்கரியில் சூடாக வாங்கிய ரொட்டியை வீடு போய்ச் சேருவதற்குள் ஓரத்தில் கிள்ளித் தின்றுவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. என் மனைவி இருந்தவரை அதற்காகத் திட்டிக்கொண்டே இருந்தாள். அவள் போன பிறகும் அந்த பேக்கரிக்குப் போவதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

அங்கே தட்டை நாமே எடுக்க வேண்டும். இடுக்கியால் ரொட்டியை நாமே எடுத்து வைத்து, வரிசையில் நின்று, கல்லாவுக்குக் கொண்டுபோக வேண்டும். கல்லாவில் இருக்கும் பெண் விலையைத் தட்டுவாள். பைகூட நான் கொண்டுபோவதுதான். ஒரு நாள் அவள் பணம் கட்டும் திரையை என் பக்கம் திருப்பினாள். டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டு மூன்று பெரிய கட்டங்கள். ‘வேண்டாம்’ என்பது அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில் இருந்தது.

“இது எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“மிஷின்தான் சார் கேக்குது, நான் கேக்கல” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டி வைத்திருந்தாள். என் மனதுக்குள் அவளுக்குச் சிரிப்புக்காரி என்று பெயர் வைத்தேன்.

மிஷின் பிறகு எல்லா இடத்திலும் கேட்க ஆரம்பித்தது. முடிவெட்டுகிறவர் கேட்டால் நியாயம் உண்டு; கழுத்தில் கத்தி வைத்திருப்பவரிடம் வாதம் செய்ய முடியாது. சலவைக்கடையில், என் சட்டையை என்னிடமே திருப்பிக் கொடுப்பதற்குக் கேட்டார்கள். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் ஒழுகல் நிற்பதற்கு முன்பே போனை நீட்டினார். பிச்சை எடுப்பவர்கூட இல்லை என்று சொன்னால் நகர்ந்துவிடுவார். திரை நகராது. பின்னால் நிற்பவர்களோடு சேர்ந்து நம் விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும் ஐயா. லைசன்ஸ் கேட்டு வருகிறவர்களை வண்டி ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பாஸ் அல்லது ஃபெயில் போடுகிறவன். யார் எதை நீட்டினாலும் தொட்டதில்லை. சக ஊழியர்கள் என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். சம்பளத்துக்கு மேல் வாங்குவது திருட்டு என்று நம்பி வாழ்ந்தவனிடம், சம்பளத்துக்கு மேல் கொடு என்று ஊரே கை நீட்டியது.

விடுமுறைக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகனைப் பேக்கரிக்கு அழைத்துப் போனேன். நல்ல கூட்டம். திரை திரும்பியது. வழக்கம்போல அடியில் இருந்த எறும்பு எழுத்தை அழுத்தினேன். சிரிப்புக்காரி என்னைப் பார்க்காமல் மருமகனைப் பார்த்துச் சொன்னாள்.

“பரவால்ல சார். எல்லாருக்கும் வசதி இருக்காதுல்ல.”

குரலில் எந்தக் குத்தலும் இல்லை. பரிதாபப்பட்டுத்தான் சொன்னாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மருமகன் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார்.

“விடுங்க மாமா, நான் போட்டுடறேன்.”

மூன்றில் பெரிய தொகையை அழுத்தினார். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போது அவள், “எங்கப்பா எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டாரு, உங்களுக்கு இப்பதான் தெரியுமா?” என்றாள். மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாளிலிருந்து நானும் பெரியதையே அழுத்தினேன். “தேங்க்ஸ் சார்” என்பாள் சிரிப்புக்காரி. அதற்குப் பிறகு ரொட்டியைக் கிள்ளித் தின்ன மனம் வரவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு நாள் அவள் தேர்வுக்கு வந்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

“சார், நீங்களா? அன்னைக்கு ஏதோ வாய் தவறிப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க சார்.”

“அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன்மா. வண்டிய எடுங்க” என்றேன்.

பயத்தில் பேசிக்கொண்டே ஓட்டினாள். கடைக்காரர் சரக்கு கொண்டுபோக வேன் வாங்கியிருக்கிறாராம். அதை அவள் ஓட்டினால் நாள் முழுக்கக் கல்லாவில் நிற்க வேண்டாமாம். பிள்ளைகள் இரண்டும் பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் இருக்கலாமாம். நான் எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினேன்.

திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவள் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்தாள். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. தேர்வு வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தேன். சைக்கிள்காரர் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். இன்னொரு தெருவில் ஒரு நாய்க்கும் அதே கதை. அதே தப்புக் கால், மறுபடியும் என் பிரேக். இப்படிச் சிலர் உண்டு ஐயா. பதறினால் கால் எங்கே போகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. பழகப் பழகச் சரியாகிவிடும். அதுவரை இவர்களை ரோட்டில் விடக்கூடாது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

அவளே வண்டியை ஓரம் கட்டினாள். கண் கலங்கியிருந்தது.

“ஃபெயில்னு போட்டுடுங்க சார். இன்னும் ஒரு மாசம் பழகிட்டு வரேன். எனக்கே பயமா இருக்கு.”

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அவளை ஃபெயில் ஆக்கினால் அது வெறும் நியாயம். அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தேன் என்று ஆகும், அவ்வளவுதான். இத்தனை நாள் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அதற்கு மேலே அல்லவா.

“எதுக்கும்மா? நல்லாத்தான ஓட்டுறீங்க. மறுபடியும் ஃபீஸ் கட்டணும். எல்லாருக்கும் வசதி இருக்காதுல்ல” என்றேன்.

பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் இரண்டு கையாலும் கும்பிட்டாள். பேக்கரி வேனில் ஒரு பிரேக்தான் இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அதை மட்டும்தான் யோசித்தேன்.

அதன்பிறகு ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் வாசலில் வேன் நிற்கிறதா என்று பார்ப்பேன். நசுங்காமல் நின்றுகொண்டிருக்கும். கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். கல்லாவுக்கு வேறு பெண் வந்திருந்தாள். சிரிப்புக்காரி தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டே, “சார், எல்லாம் உங்க புண்ணியம்” என்பாள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மழை விட்ட காலை நேரம், பஸ் நிறுத்தம். ஒரு குடை காற்றில் பறந்து வேனுக்கு முன்னால் விழுந்திருக்கிறது. வேன் நடைபாதை மேல் ஏறியது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட ஒரு டீச்சரும், மகளைப் பார்க்க ஊருக்குப் போக நின்ற ஒரு பெரியவரும் செத்துப்போனார்கள். அவர்களோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. சிரிப்புக்காரிக்கு நெற்றியில் சின்னக் காயம். அவள் உயிரோடு இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. இருந்தால்தானே நடந்ததை நினைத்துக்கொண்டிருக்க முடியும்.

உங்கள் ஏட்டு ஆபீசுக்கு வந்தபோது, நான் விதிப்படிதான் தேர்வு வைத்தேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். போட்டிருந்தால் என்னை நீங்கள் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டீர்கள். போகிற போக்கில் அவள் சொன்னதையும் சொன்னார்.

“அந்த சார இதுல இழுக்காதீங்கன்னு அழுவுது சார். பயந்து நின்னப்போ அவரு ஒருத்தருதான் என்னை நம்பினாரு, அவரு நம்பிக்கைய நான் கெடுத்துட்டேன்னு ஒரே பொலம்பல்.”

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவள் மனசில் நான் நல்லவனாக உட்கார்ந்திருக்கிறேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று தெரிந்தும், என்றைக்காவது இப்படி ஆகும் என்று தெரிந்தும், ஆகட்டும் என்றே பாஸ் போட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. மனசாட்சி உறுத்தியதால் நானாகவே வந்து ஒப்புக்கொண்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. இதை அவளிடம் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போது அவள் முகம் எப்படி மாறியது என்று யாராவது வந்து எனக்குச் சொன்னால் போதும்.